மானாவாரிக் காடுகளில் நிலவாகை: சாகுபடியும் கூட்டு விற்பனையும்

எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசற் காடுகளில் பயிர் செய்வோருக்கு மழையின் குணத்தைப்பற்றிப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரி சுமார் 650 மில்லிமீட்டரேயாம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக் காற்றின் மழையைத் தடுத்து நிறுத்திவிடுவதால், இவ்வட்டாரம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அம்மழை பத்து நாள் பிந்தினாலும், இடையில் ஒரு மழை தவறினாலும், உளுந்தும் பாசிப்பயறும் பூவிலேயே கருகிவிடுகின்றன. ஆனால் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனின் தவணை மட்டும் மழைக்காகக் காத்திருப்பதில்லை.

இந்நிலையில், குறைந்த ஈரத்தைக்கொண்டு இலை விட்டு, ஆடு மாடுகளின் வாய்க்கும் தப்பி நிற்கும் ஒரு செடி இம்மாவட்டத்தில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகிறது. வைத்திய நூல்கள் அதனை நிலவாகை என்றும் நிலாவிரை என்றும் கூறும். வியாபாரிகள் சென்னா என்பர். நம் குடியானவர்கள் அவுரி என்றே வழங்குகின்றனர். துணிக்குச் சாயமேற்றும் நீலம் எடுக்கப்பட்ட அவுரி வேறு, இது வேறு. பெயர் ஒன்றாயிருப்பதால் விதை வாங்குமிடத்தும் வைத்திய விஷயத்திலும் குழப்பம் நேரக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் நிலவாகை என்ற பெயரே வழங்கப்படும்.

இச்செடி வறட்சியைத் தாங்கும் என்பதை அறியாதார் இல்லை. ஆயினும் பறித்த இலை ஈரத்தையும் கலப்பையும் சிறிதும் தாங்காது என்பதைப் பலரும் போதிய அளவு கவனிப்பதில்லை. நிலத்தில் கிடைத்த இலாபம் களத்தில் அழிவது இதனாலேயே. அந்த நஷ்டத்தைத் தனி ஒருவர் தடுப்பது கடினம். சங்கமாகக் கூடினால் தடுக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியின் பூர்விகம்

நிலவாகை நம் நாட்டில் தோன்றிய பயிரன்று. தென் அரேபியாவிலுள்ள ஏமன், ஹத்ரமௌத் பிரதேசங்களின் வறண்ட மலைச்சரிவுகளிலும், ஏடன் வளைகுடாவிற்கு அப்பாலுள்ள சோமாலியா நாட்டிலும் அது தானாகவே முளைத்து, கற்களினிடையே பல ஆண்டுகள் உயிர் வாழும் செடியாகும். அரபு வைத்தியர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனை மலச்சிக்கலைத் தீர்க்கும் மருந்தாகக் கையாண்டு உலகிற்கு அறிமுகம் செய்தனர். அக்காலத்தில் சரக்கு எத்துறை வழியாக வந்ததோ அத்துறையின் பெயரே இலைக்கும் வழங்கிற்று. எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா துறைமுகத்தின் வழியாக ஐரோப்பாவிற்குச் சென்றது அலெக்சாந்திரியா சென்னா எனப்பட்டது. அரேபியாவிலிருந்து வந்தது மெக்கா சென்னா எனப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜார்ஜ் ஹியூஸ் என்னும் ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இச்செடியைப் பயிர் செய்வித்து, இலையை இங்கிலாந்திற்கு அனுப்பிவந்தார். காட்டில் தானே விளைந்ததைச் சேகரித்து வந்த அரேபிய இலையைக் காட்டிலும், நிலத்திற் பயிரிட்டுப் பக்குவமாய் உலர்த்திய இவ்விலை பெரிதாகவும் தூய்மையாகவும் குப்பை கலவாமலும் இருந்தமையால், இலண்டன் மருந்துக் கடைகளில் நன்மதிப்புப் பெற்றது. அன்று முதல் அதற்குத் திருநெல்வேலி சென்னா என்பதே பெயராயிற்று. 1986ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்ட பின்னரும், அயல் நாட்டு மருந்து நூல்களில் அப்பெயரே நிலைத்திருக்கிறது.

அங்கத்தினர்கள் இங்கு ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்பெயர் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமானதன்று. பல தலைமுறைக் குடியானவர்கள் இலையைச் சுத்தமாக உலர்த்தி அனுப்பியதனால் கிடைத்த பொதுச் சொத்து அது. இப்பொழுது இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட நிலங்களிலும் இச்செடி மிகுதியாகப் பயிராகின்றது. வடநாட்டார் அதனைச் சோனாமுகி என்பர். எனவே பழைய பெயரை மட்டும் நம்பி, தரத்தைக் கவனியாமல் இருத்தல் இனிக் கூடாது.

வறட்சியைத் தாங்கும் விதம்

நிலவாகை இரண்டு முதல் மூன்றடி உயரம் வரை வளரும். ஒவ்வோர் இலைக்காம்பிலும் ஐந்து முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூக்கள் மஞ்சள் நிறமானவை. காய்கள் தட்டையாக, சற்றே வளைந்து, இரண்டங்குல நீளம் வரை இருக்கும்.

இச்செடி வறட்சியைப் பொறுப்பதற்குக் காரணங்கள் பல. முதலாவது, அதன் ஆணிவேர் நேரே கீழ்நோக்கி ஆழச் செல்கிறது. மேல்மண் காய்ந்து வெடித்த பின்னும் கரிசலின் அடிமண்ணில் ஈரம் நிற்கும் என்பது நம்மவர் அறிந்ததே. அவ்வீரத்தை இவ்வேர் எட்டிப் பிடிக்கிறது. இரண்டாவது, சிற்றிலைகள் தடித்த மேற்றோல் உடையவை. அத்தோலின் நுண்ணறைகளில் வழவழப்பான பசை இருந்து நீரைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவது, விதையின் ஓடு மிகக் கடினமானது. போதிய ஈரம் கிடைக்கும்வரை அது மண்ணில் முளையாமற் காத்திருக்க வல்லது. மலைச்சரிவில் தானாக முளைக்கும் செடிக்கு இக்குணம் உயிர் காப்பதாகும். வயலில் ஒரே நாளில் சீராக முளைக்க வேண்டும் என்று விரும்பும் குடியானவருக்கோ அதுவே இடையூறாகிறது. அதற்குப் பரிகாரம் பின்னர்க் கூறப்படும்.

ஆனால் வறட்சியைத் தாங்கும் இச்செடி தேங்கிய நீரைத் தாங்காது. வேர் சில நாள் நீரில் நின்றாலும் அழுகிச் செடி மடிந்துவிடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வானம் பொய்க்கும் சீமையில் வெள்ளமும் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகையால் கரிசலில் நிலவாகை விதைப்போர் தாழ்ந்த பகுதிகளை விட்டுவிட்டு, மேட்டுப் பாங்கான நிலத்தைத் தெரிந்தெடுத்து, சரிவை ஒட்டி வடிகால் வெட்டி வைத்தல் வேண்டும். நீர் வடியும் செம்மண்ணும் சரளை கலந்த நிலமும் இதற்கு ஏற்றவையே.

இலையிலுள்ள மருந்துப் பொருள்

இவ்விலையும் காயும் விலை பெறுவது அவற்றிலுள்ள சென்னோசைடு என்னும் மருந்துப் பொருளினாலேயாம். அதனை 1941ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் ஆர்தர் ஸ்டோல் என்பவரும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்தனர். நல்ல இலையில் அது நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை இருக்கும்.

சென்னோசைடு வயிற்றிலும் சிறுகுடலிலும் மாறுதலின்றிக் கடந்து, பெருங்குடலை அடைந்த பின் அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டு வேறொரு பொருளாகிறது. அப்பொருள் குடலின் அசைவைத் தூண்டி, நீர் வற்றாமற் செய்து மலத்தை வெளியேற்றுகிறது. இரவில் மருந்துண்டவருக்குக் காலையில் பலன் தெரிவது இதனாலேயே. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னாவும் இடம் பெற்றுள்ளது.

பயிரிடுவோர் வீட்டில் இலை எளிதிற் கிடைப்பதால், அதனைக் கண்டபடி கஷாயம் வைத்துக் குடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது தவறு. ஓயாமல் உட்கொண்டால் உடம்பிலுள்ள நீரும் உப்புச் சத்துக்களும், முக்கியமாகப் பொட்டாசியமும் குறைந்து, தளர்ச்சியும் இருதயத் துடிப்பில் கோளாறும் நேரலாம். குடல் அடைப்பு, காரணந் தெரியாத வயிற்று வலி, நீரிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர் சொல்லாமற் கொடுத்தல் ஆகாது. மருந்து விளையும் நிலம் வைத்துள்ளவரும் மருந்தை வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

சாகுபடி முறை

மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் முதல் மழையின் ஈரத்தில் விதைத்தல் சிறந்தது. இறவை வசதியுள்ளோர் மாசி மாதத்திலும் விதைக்கலாம். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதுமானது. விதையைப் பருமணலுடன் கலந்து மெல்லத் தேய்த்து மேலோட்டைச் சற்றே கீறிவிட்டு, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் ஈரம் உலர்த்திப் பின் விதைத்தால் முளைப்புச் சீராக இருக்கும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி இருத்தல் நலம். வீசி விதைப்போர் களையெடுக்கும்போதே நெருக்கமான செடிகளைக் களைந்துவிட வேண்டும்.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து கே.கே.எம். 1 என்ற ரகம் வெளியிடப்பட்டுள்ளது. நம் மாவட்டத்து மண்ணிலேயே சோதித்துத் தேர்ந்த ரகமாதலால் அதனை முதலில் நாடுதல் தகும். எந்த விதையாயினும், சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் முளைப்புத் திறனைச் சோதித்து வாங்க இயலும். நூறு விதைகளை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதற்கு எவ்விதச் செலவும் இல்லை.

உர விஷயத்தில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. நிலவாகை பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின், உளுந்தைப்போல வேரில் முண்டு கட்டிக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்க்கும் என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. இதன் வேரில் முண்டுகள் உண்டாவதில்லை. மண்ணிலுள்ள சத்தை இது எடுத்துக்கொள்ளுமேயன்றிச் சேர்த்து வைப்பதில்லை. ஆகவே ஏக்கருக்கு 4 டன் வரை மக்கிய தொழுவுரம் இடுதலும், அடுத்த ஆண்டில் அதே நிலத்தில் உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றை மாற்றிப் பயிரிடுதலும் அவசியமாகும்.

ஆடு மாடுகள் இதனை மேய்வதில்லை; வேலிச் செலவு மிச்சம். எனினும் வெளிர் நிறப் பட்டாம்பூச்சி ஒன்று இலையில் முட்டையிட்டு, அதன் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்றுவிடும். புழு சிறிதாயிருக்கும்போதே கையாற் பொறுக்குவதும், நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் போதுமானவை. விலையாகும் பொருளே இலையாதலால், பறிப்பதற்குச் சமீபத்தில் கடுமையான பூச்சிமருந்து தெளித்தால் அதன் எச்சம் இலையிலேயே தங்கிச் சோதனையில் வெளிப்படும். சரக்கு முழுவதும் தள்ளப்படும்.

பறித்தலும் உலர்த்தலும்

இலாப நஷ்டத்தை நிர்ணயிப்பது இப்பகுதியே. அங்கத்தினர்கள் இதனை ஊன்றிப் படிக்க வேண்டும்.

விதைத்த இரண்டு, மூன்று மாதங்களில் இலைகள் முற்றித் தடித்து, நீலங்கலந்த பசுமை நிறம் அடையும்போது முதற்பறிப்புச் செய்யலாம். முதலில் தோன்றும் பூங்கொத்துக்களைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து இலை பெருகும். பின்னர் ஏறக்குறைய ஒவ்வொரு மாத இடைவெளியில் இரண்டாம், மூன்றாம் பறிப்புகளைச் செய்யலாம். காய்கள் முற்றிப் பழுத்து வெடிக்குமுன், பசுமை மாறி மஞ்சள் தட்டும் பருவத்திற் பறிக்க வேண்டும். காயின் மருந்துப்பொருள் பெரும்பாலும் தோலிலேயே உள்ளது. விதையில் மிகச் சொற்பமே. செடி பல ஆண்டு வாழும் இயல்புடையதாயினும், பழஞ்செடியின் இலை தரத்தில் குறைவதால், ஆண்டுதோறும் புதிதாக விதைப்பதே வழக்கமாயிற்று.

நல்ல மானாவாரி நிலத்தில் எக்டேருக்கு 1 டன் வரை, அதாவது ஏக்கருக்கு 400 கிலோ வரை, உலர்ந்த இலை கிடைக்கும். இறவையில் அதற்கு இரட்டிப்பு வரை எடுக்கலாம். மழை குறைந்த ஆண்டில் இவ்வளவை எதிர்பார்த்தல் கூடாது.

பறித்த இலையைச் சாக்கில் திணித்தோ அம்பாரமாகக் குவித்தோ ஓரிரவு வைத்தால் உள்ளே சூடேறிப் புழுங்கும். காலையில் பார்க்கும்போது அடியிலுள்ள இலை கறுத்திருக்கும். கறுத்த இலையில் சென்னோசைடு சிதையத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அதனைப் பின்னர் எவ்வளவு காயவைத்தாலும் போன சத்து மீளாது. கடும் வெயிலில் நாள் முழுதும் போட்டு வைத்தாலோ இலை வெளுத்து, நொறுங்கித் தூளாகும். இவ்விரண்டிற்கும் நடுவே செய்வதே பக்குவம். பறித்த அன்றே சுத்தமான தளத்தின்மீதோ தார்ப்பாயின்மீதோ மெல்லிதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் 7 முதல் 10 நாள் வரை, தினமும் புரட்டிவிட்டு உலர்த்த வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் இறங்க வேண்டும். அவ்வாறு உலர்ந்த இலை பசுமை மாறாமல், கையிலெடுத்து மடித்தால் முறியும் தன்மையுடன் இருக்கும்.

சாலையோரத்தில் தார் ரோட்டின்மீது இலையைப் பரப்பும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும். வண்டிப் புழுதியும் எண்ணெயும் ஆட்டுப் பிழுக்கையும் மருந்திற் சேர்வதை எந்த நாட்டாரும் ஒப்பார்.

கலப்பினால் வரும் கேடு

எட்டயபுரம் வட்டாரத்தில் வேலி ஓரங்களிலும் தரிசுகளிலும் ஆவாரை தானே வளர்கிறது. அதுவும் நிலவாகைக்கு நெருங்கிய உறவுடைய செடியே. இலையும் உலர்ந்தபின் ஓரளவு ஒத்த சாயலுடையது. எடை கூட்டும் ஆசையால் ஆவாரை இலையைக் கலந்தனுப்பும் மோசடி முற்காலத்திலேயே ஐரோப்பிய மருந்துச் சோதனையாளருக்குத் தெரிந்திருந்தது. கந்தகத் திராவகம் விட்டால் ஆவாரை இலை சிவந்த நிறம் காட்டும் என்பதைக் கொண்டு அவர்கள் அதனைக் கண்டுபிடித்தனர். இன்றுள்ள சோதனைக் கருவிகள் அதனினும் நுட்பமானவை. ஆகவே கலப்பினால் வரும் அற்ப ஆதாயம் நிலையாது. கெட்ட பெயரோ ஊர் முழுவதையும் பற்றும்.

இதனினும் அபாயகரமானது, அறியாமலே சேரும் களை. நிலவாகைக் காட்டில் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய களைகள் முளைப்பதுண்டு. இவற்றில் பைரோலிசிடின் அல்கலாய்டு என்னும் நஞ்சு இருக்கிறது. அது மனிதரின் கல்லீரலைக் கெடுக்க வல்லது. மூலிகைத் தேயிலை முதலிய பொருள்களில் இந்நஞ்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் உச்ச அளவு விதித்து, 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் அமல் செய்து வருகிறது. அவ்வளவோ மிகமிகச் சொற்பமானது. நூற்றுக்கணக்கான நிலவாகைச் செடிகளினிடையே சில களைச்செடிகள் சேர்ந்து பறிபட்டாலும் ஒரு மூட்டை முழுதும் தகுதியற்றதாகிவிடும்.

விதைத்து 25, 30 நாளில் ஒருமுறையும், பின்னர் மற்றொரு முறையும் களையெடுப்பது வழக்கம். அதனுடன், ஒவ்வொரு பறிப்புக்கும் முதல் நாள் காட்டைச் சுற்றிவந்து இக்களைகளை வேரோடு பிடுங்கி, அப்புறப்படுத்திவிட வேண்டும். பறிப்புக் கூலியாட்களுக்கு இச்செடிகளைக் காட்டி அடையாளம் சொல்லிவைத்தல் நலம். கூலிக்குப் பறிப்போரில் பெரும்பாலார் பெண்கள். எடைக்குக் கூலி என்று பேசினால் அவசரத்தில் எல்லாம் கூடையில் விழும். நாட்கூலியாகப் பேசுதலே பொருத்தம்.

சங்கம் செய்யக்கூடிய காரியம்

1904ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் இம்மாகாணத்தின் முதற் சங்கம் ஏற்பட்டது. வட்டிக் கடையிலிருந்து குடியானவரை மீட்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் கடன் மலிவாகக் கிடைத்தும், விளைபொருளைத் தக்க விலைக்கு விற்க இயலாதவர் மீண்டும் கடனாளியாகவே இருப்பார் என்பதை இத்துறையின் அனுபவம் காட்டியிருக்கிறது. நிலவாகை விஷயத்தில் இது முற்றிலும் உண்மை.

தனித்தனியே விற்கும் முறையில் நேருவது யாது? விதைப்புச் சமயத்தில் கையில் பணமில்லாதவர் தரகரிடம் முன்பணம் பெறுகிறார். பறித்தவுடன் அவரிடமே சரக்கைக் கொடுக்க வேண்டியதாகிறது. உலர்த்த இடமின்றி அரை ஈரத்தில் கொடுப்பதால் எடையிலும் விலையிலும் கழிவு விழுகிறது. நன்றாக உலர்த்திய ஒருவரின் இலையும், சரியாக உலர்த்தாத மற்றொருவரின் இலையும் தரகரின் கிட்டங்கியில் ஒன்றாகவே கொட்டப்படுகின்றன. இருவருக்கும் ஒரே விலை. இந்நிலையில் சிரத்தையாக உழைப்பவருக்கு ஊக்கம் எங்ஙனம் உண்டாகும்?

இதற்குப் பதிலாகச் சங்கம் கீழ்க்கண்ட காரியங்களை ஏற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, பொதுவான உலர்த்துக்களம். தனியொருவர் கூரை போட்ட தளம் கட்டுவது எளிதன்று. ஐம்பது பேர் முறைவைத்துப் பயன்படுத்தும் ஒரு களத்திற்குத் தலைக்கு வரும் செலவு சொற்பமே. இரண்டாவது, தரம் பிரித்தல். முழு இலை, உடைந்த இலை, காய் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, காம்பு, மண், கல் நீக்கிச் சிப்பமாக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பத்திலும் அங்கத்தினரின் எண்ணும் பறித்த தேதியும் எழுதிய சீட்டு இருந்தால், குறை யாருடையது, நிறை யாருடையது என்பது விளங்கும். தரத்திற்கேற்ப விலை பகிரலாம். மூன்றாவது, கிட்டங்கி. சுவரை ஒட்டாமல், தரைமீது மரச்சட்டமிட்டு, ஈரமும் வெளிச்சமும் படாமல் அடுக்கி வைத்தால் விலைக்காகச் சில மாதம் காத்திருக்கலாம். நான்காவது, பொருளீட்டுக் கடன். சரக்கைக் கிட்டங்கியில் ஒப்படைத்து அதன் ஈட்டின்மீது கடன் பெற்றால், தவணைக்காக அவசரப்பட்டு விற்க வேண்டுவதில்லை. ஐந்தாவது, மொத்த விற்பனை. பல மூட்டைகளை ஒரே தரத்தில் காட்டக்கூடிய சங்கம், மாதிரியை ஆய்வகத்தில் சோதித்து, சென்னோசைடு அளவு இன்னதென்ற சான்றுடன் தூத்துக்குடி ஏற்றுமதியாளரிடம் நேரே பேசலாம். துறைமுகம் நமக்கு அருகிலிருப்பது ஒரு வசதி.

இதன் பலனை ஒரு கணக்கால் விளக்கலாம். தரம் பிரித்து நேரே விற்பதனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 300 கிலோ இலை என்றால் ஓர் ஏக்கருக்கு 3,000 ரூபாய். ஐம்பது அங்கத்தினர் ஆளுக்கு இரண்டு ஏக்கர் பயிரிட்டால் 3,00,000 ரூபாய். தனியொருவர் கணக்கில் அது ஒரு தவணையின் வட்டியைக் கட்டும் தொகை. சங்கத்தின் கணக்கில் அது உலர்த்துக்களத்தின் செலவை அடைக்க உதவும் தொகை. இந்தப் பத்து ரூபாய் என்பது உதாரணமே. உண்மையான வித்தியாசத்தை அந்தந்த ஆண்டுச் சந்தையில் விசாரித்துத் தெளிந்த பின்னரே செயற்குழு தீர்மானம் செய்ய வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

நல்ல விலை கேட்டவுடன் நிலம் முழுவதிலும் நிலவாகை விதைப்பது விவேகமன்று. இதன் இலையை வாங்குவோர் மருந்து செய்வோரும் ஏற்றுமதியாளருமே; வீட்டில் சமைத்து உண்ணும் பண்டமன்று இது. ஓராண்டு விலையேறினால் மறு ஆண்டு எல்லாரும் விதைக்கின்றனர். சரக்குப் பெருகி விலை இறங்குகிறது. கம்பும் உளுந்தும் விலை இறங்கினாலும் வீட்டிற்கு உணவாகும், நிலவாகை ஆகாது. ஆகையால் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும், அதிலும் பிற பயிருக்கு ஈரம் போதாத மேட்டுப் பகுதியை, இதற்கு ஒதுக்கி, மற்றதில் கம்பு, உளுந்து, பருத்தி, கொத்தமல்லி, மிளகாய் முதலியவற்றை வழக்கம்போலப் பயிரிடுவதே பாதுகாப்பானது.

சங்கத்திற்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட சரக்கை, வெளியில் இரண்டு ரூபாய் கூடக் கேட்டவுடன் அங்கே கொடுத்துவிடும் பழக்கமும் விடத்தக்கது. ஏற்றுமதியாளரிடம் இத்தனை மூட்டை என்று வாக்களித்த சங்கம் பாதியைக் கூடக் கொடுக்க முடியாமற் போனால், மறு ஆண்டு அவர் அச்சங்கத்தை நாடார். அன்றைக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்த வியாபாரியும் பிறகு அவ்விலையைக் கொடுக்கமாட்டார். அதேபோல, கணக்கைத் திறந்து காட்டாத செயற்குழுவினிடம் அங்கத்தினர் நம்பிக்கை வையார். எடைப் புத்தகமும் விலைப் பட்டியலும் எவர் கேட்டாலும் பார்க்கும்படி அலுவலக மேசைமீது இருத்தல் வேண்டும். அங்கத்தினர் சரக்கில் நேர்மையும், செயற்குழு கணக்கில் நேர்மையும் காட்டினாலன்றிக் கூட்டு விற்பனை ஓராண்டுக்கு மேல் நிலைக்காது.

அடுத்த புரட்டாசிக்கு முன்

அடுத்த விதைப்புக்கு முன்னர்ச் சங்கங்கள் செய்யத்தக்கவை அதிகமில்லை. ஆனி, ஆடி மாதங்களிற் கூடும் கூட்டத்தில் நிலவாகை பயிரிட விரும்புவோரின் பெயரையும் ஏக்கர் அளவையும் பதிவு செய்க. விதை எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு ஒரே கொள்முதலாகப் பெறுக. களத்திற்கு இடமும் கிட்டங்கியில் ஓர் அறையும் ஒதுக்குக. கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளை வேரோடு கொணர்ந்து கூட்டத்தில் எல்லாரும் காணும்படி வைத்துக் காட்டுக. இவ்வளவும் ஒரு மாதத்திற்குள் முடியக்கூடிய வேலைகளே.

மழை எப்பொழுது வரும், எவ்வளவு வரும் என்பது நம் கையில் இல்லை. நிலவாகை அக்குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பறித்தபின் இலை கறுக்காமல் காப்பதும், ஆவாரை கலவாமல் காப்பதும், ஒன்றாய்ச் சேர்த்து விற்பதும் நம் கையிலுள்ளவை. ஊர் கூடினால் தேர் நகரும் என்பர். களத்திற்கு வரும் முதல் கூடை இலையிலிருந்தே அங்கத்தினர்கள் அந்த ஒற்றுமையைக் காட்டுவார்களாக.